பாஸ் என்றொரு சொல்லும் ஒரு வேலிப் பொட்டும்

நீர்வேலியில் வாழைக்குலை வெட்டுகிறவர்கள்கூட அந்தக் காலத்தில் இங்கிலீசில் ஒரு சொல்லையாவது தெரிந்து வைத்திருந்தார்கள். அது 'பாஸ்'. அரசாங்கக் கந்தோர் வாசலை மிதிக்காத, கையெழுத்து வைக்கத் தெரியாத மனிதர்கூடத் தெருவில் ஒரு பொடியனைக் கண்டால் முதலில் கேட்பது அதைத்தான். சாப்பிட்டாயா என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகு. அவர்கள் அறிந்த வரையில் அதற்கு ஒரே பொருள், சோதினையில் தேறுவது. தேறியவனுக்குக் கொழும்பிலே உத்தியோகம், உத்தியோகத்துக்கு ஏற்ற சீதனம், சீதனத்தோடு ஒரு கல்வீடு. தேறாதவனுக்கு மண்வெட்டி. இதற்கு மேலே அந்தச் சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க ஊரில் எவருக்கும் நேரமில்லை, சிவக்கொழுந்து ஒருத்தியைத் தவிர.

சிவக்கொழுந்து, தோட்டக்காரர் தம்பிஐயாவின் ஒரே மகள். வீட்டில் கொழுந்து. எந்த வேலையைத் தொட்டாலும் பாதியில் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிற பிறவி. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அகப்பையும் கையுமாக நிற்பாள். சோறு குழைந்து களியாகிவிடும். தம்பிஐயா அதையும் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். அவருக்கு வாய் திறப்பதென்றால் யாரோ கூலி கேட்ட மாதிரி. சொல்ல வேண்டியதையெல்லாம் அவருடைய தங்கச்சி இரத்தினம்மா வேலிக்கு அப்பாலிருந்து சொல்லிவிடுவாள்.

அந்த வேலியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொழுந்து பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்குமுன்னரே தாய் கண்ணை மூடிவிட்டாள். பச்சைப் பிள்ளை பாலுக்குக் கத்துகிறது. பக்கத்து வளவுதான் இரத்தினம்மாவின் வளவு, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. ஆனால் அங்கிருந்து இங்கே வருவதென்றால் படலையைத் திறந்து, ஒழுங்கையில் இறங்கி, கோயில் முடக்கால் சுற்றி வரவேண்டும். ஆட்டுப்பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு அவள் வந்து சேர்வதற்குள் பால் ஆறிவிடும், பிள்ளை நீலம் பாரித்துவிடும். தம்பிஐயா ஒருநாள் பேசாமல் கத்தியை எடுத்தார். எல்லை வேலியில் தூணாக நட்டிருந்த இரண்டு கதியாலைப் பிடுங்கி எறிந்தார். ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வழி வந்தது. பொட்டு என்பார்கள் எங்கள் பக்கத்தில். அந்தப் பொட்டால் பால் வந்தது, பிறகு சோறு வந்தது, சொதி வந்தது, தலைக்கு எண்ணெய் வந்தது, ஏச்சும் வந்தது. கொழுந்து ஒரு தாயில்லாப் பிள்ளை என்பதை அவளுக்கு ஊர் சொல்லித்தான் தெரியும்.

பொட்டால் வந்துபோன இன்னொரு ஆள், மாமி இரத்தினம்மாவின் மகன் இளையதம்பி. கொழுந்துவை விட மூன்று வயது மூப்பு. முறை மச்சான். 'அவன் பாஸ் பண்ணட்டும், செய்து வைப்பம்' என்று இரண்டு வீட்டுக்கும் எப்போதோ பேச்சு முடிந்திருந்தது. எவரும் உட்கார்ந்து பேசவில்லை, வெற்றிலை மாற்றவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதுபோல அது ஒரு தெரிந்த விஷயம்.

கொழுந்து மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அங்கே சுவரில் இலங்கைப் படம் தொங்கும். யாழ்ப்பாணத்தைப் பெருநிலத்தோடு ஒட்டவைக்கிற கழுத்துப் பக்கத்தில் பிரம்பை வைத்து, ஆனையிறவுக்கு இங்கிலீசில் 'எலிபன்ற் பாஸ்' என்று மிஸ் ஒருநாள் சொன்னார். பிள்ளைகள் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். கொழுந்து போகவில்லை. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பின்னேரம் பொட்டால் ஓடிப்போய் மாமியிடம் சொன்னபோது, மாமி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தாள். ஆனைக்கு முடிந்ததுகூட இவனுக்கு முடியவில்லையே என்று அவள் சொல்லிச் சிரித்தாள். இளையதம்பி அப்போது ஆறாம் வகுப்பில் இரண்டாம் வருடம் இருந்தான்.

ஆனால் கொழுந்துவுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. அன்றிரவு பாயில் படுத்தபடி அவள் அந்த ஆனைகளைப் பார்த்தாள். வன்னிக் காட்டுப் பக்கமிருந்து வருகின்றன. வயிறு வரைக்கும் கடல்நீர். அந்தி வெயில் நீரில் மஞ்சளாய்க் கிடக்கிறது. ஒன்றின் வாலை மற்றது பார்த்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், இக்கரைப் பனைமரங்களை நோக்கி நடந்து வருகின்றன. எத்தனை புள்ளி என்று அவற்றை எவரும் கேட்கவில்லை. கரையேறித் தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வராத நாட்களிலெல்லாம் அந்த ஆனைகள் வந்தன.

அதே சொல் பின்னேரங்களில் புகையிலைத் தோட்டங்களுக்கு மேலாகவும் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள வெளியில் பொடியள் பந்தடிப்பார்கள். 'பாஸ், பாஸ்' என்று கத்துவார்கள். பத்துப் பதினைந்து தொண்டைக்குள்ளே இளையதம்பியின் தொண்டையைக் கொழுந்து பிரித்தறிவாள். அங்கே அவன் கெட்டிக்காரன். பந்தைத் தன் காலில் வைத்து அழகு காட்டாமல், எங்கே ஆள் நிற்கிறதோ அங்கே கொண்டுபோய் விடுவான் என்று ஊரே சொல்லும். சோதினைக் கடதாசியைப் பார்த்தால்தான் அந்த மனிதனுக்குக் கை வியர்க்கும்.

கொழுந்துவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது நடந்த ஒன்றை அவள் தன் ஆயுளில் மறக்கவில்லை. ஒழுங்கையின் மறுகரையில் பராசக்தி என்றொரு பெண் இருந்தாள். புருசனுக்கு மலாயாவில் வேலை. அவர் அங்கே ஏதோ இலாகாச் சோதினை எழுதியிருந்தார், தேறினால் சம்பளம் கூடும், இவளையும் கப்பலில் கூப்பிடுவார். ஒருநாள் தபால் பியோன் தந்தி கொண்டுவந்தான். அந்த நேரம் ஒழுங்கையில் இங்கிலீசு வாசிக்க நின்ற ஒரே ஆள் கொழுந்துதான். அவள் புருசனின் பெயரை வாசித்தாள். 'பாஸ்ட்' என்ற அடுத்த சொல்லையும் வாசித்தாள். பராசக்தி அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அதற்குள் கொழுந்துவின் கண் அதற்கடுத்த 'அவே' என்ற சின்னச் சொல்லுக்கும் கீழ் வரிக்கும் போய்விட்டது. பிரேத அடக்கம் என்பதற்கான சொல்லை அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள்.

பாவம், அவள் என்ன செய்வாள். தந்தியைப் பிடித்தபடி நின்றாள். பராசக்தியின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்கு ஒரு கணம் எடுத்தது. அந்த ஒரு கணச் சிரிப்பைத் தான்தான் கொடுத்தேன், தான்தான் பறித்தேன் என்று கொழுந்து பல நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மாமி பொட்டால் வந்து வாயைத் திறந்து கஞ்சி ஊற்ற வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அவள் பெரியபிள்ளையானாள், பள்ளிக்கூடம் நின்றது. பிரியும்போது மிஸ் ஒரு பழைய அகராதியைக் கொடுத்துவிட்டார். மட்டை கிழிந்தது. வீட்டுக்கு வந்ததும் கொழுந்து முதலில் தேடியது அந்தச் சொல்லைத்தான். தேடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் முழுக்க அதுவே. நடந்து போவது, கடந்து போவது, தேறுவது, கைமாற்றிக் கொடுப்பது, பொழுதைக் கழிப்பது, பொழுது தானாகவே கழிவது, வலி நீங்குவது, சட்டம் நிறைவேறுவது, மலைக்கு நடுவே ஒடுங்கின வழி, போக விடுகிற சீட்டு, செத்துப்போவது. ஒரு வாய்க்குள்ளே இத்தனையும் எப்படிக் கிடக்கிறது? வெள்ளைக்காரனுக்குச் சொல் பஞ்சமா, இல்லை அவனுக்கு இதெல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறதா? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நூல் கட்டியிருப்பார்கள். அவள் அதைப் பாக்குச் சீவலைப்போலக் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். கிணற்றடியிலும், புகையிலைக்கு இறைக்கும்போதும், பொட்டடியில் பூவரசு நிழலில் சும்மா நிற்கும்போதும் அதிலே கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டிருந்தாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு, பங்குனி வெயில் தொடங்குகிற நேரம். இளையதம்பி சீனியர் சோதினையில் மூன்றாம் முறையும் தவறிவிட்டான் என்ற செய்தி சந்திக் கடைக்கு வந்தது. கடையில் நின்றவர்கள் அவனுக்கு முதலே அவனுடைய வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரத்தினம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. இளையதம்பி வாழைத்தோட்டத்துக்குள் போனவன் இருட்டிய பிறகுதான் வந்தான்.

அந்தக் கிழமையே கலியாணம் பேசுகிற கதிரவேலர் தம்பிஐயாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு இந்த வாசனை எப்படித்தான் மூக்கில் ஏறுமோ தெரியாது. மீசாலைப் பக்கத்து மாப்பிள்ளை, சீனியர் பாஸ், அனுராதபுரத்தில் றெயில்வே கிளாக்கர். வருடத்தில் மூன்று தடவை பெண்சாதிக்கும் சேர்த்து றெயில்வே பாஸ் கிடைக்கும், ஒரு சதம் செலவில்லாமல் கோச்சியில் கொழும்பு, கண்டி எங்கும் போய்வரலாம் என்று கதிரவேலர் சொல்லிக்கொண்டே போனார். தம்பிஐயா கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை தவறிய மருமகனுக்காக இருக்கிற ஒரே பிள்ளையை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பது என்ற பயம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவர் கெட்ட மனிதரல்ல. பெண்ணைப் பெற்று, பெண்சாதியை இழந்த மனிதர்.

எழுந்து போகும்போது கதிரவேலர் வேலியைப் பார்த்தார். செருமினார். வளர்ந்த பொடியன் இருக்கிற வளவுக்கு இப்படிப் பொட்டு விட்டு வைத்திருந்தால் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மெல்லச் சொன்னார். எப்படியும் இந்த மாதம் வேலி அடைக்கத்தானே போகிறீர்கள் என்றும் சொன்னார். தம்பிஐயா பொட்டைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

குசினிக்குள்ளிருந்து கொழுந்து எல்லாவற்றையும் கேட்டாள். அன்றிரவு ஆனைகளோடு கோச்சியும் வந்தது. அவள் யன்னலோரம் இருக்கிறாள், கையிலே ஒரு சின்னச் சீட்டு. இரண்டு பக்கமும் தண்ணீர், விடியற்புறத்து வெளிச்சம். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். சட்டை இருந்தது, தொப்பி இருந்தது, முகம் மட்டும் வரவில்லை. எத்தனை தரம் பார்த்தும் வரவில்லை. அவள் எழுந்து பாயில் குந்திக்கொண்டு அழுதாள். தனக்கு இளையதம்பிதான் வேண்டும், வேறு எந்தச் சீட்டும் வேண்டாம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெளிவாயிற்று. தெளிந்து என்ன பயன்? பொட்டு அடைபட்டால் அது அடைபட்டதுதான். இரண்டு வளவுக்கும் நடுவே பேச்சு நின்றுவிட்டது என்று ஊருக்கு அறிவிக்க அதைவிட வேறு பறை தேவையில்லை.

வேலி அடைப்பதை ஒரு தனி ஆள் செய்ய முடியாது. பழைய ஓலையைக் கழற்றிவிட்டுப் புது ஓலையைக் கதியாலோடு சாத்தி, வரிச்சுத் தடியை வைத்துக் கட்ட வேண்டும். இந்தப் பக்கம் நிற்கிறவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்தி விடுவார். அந்தப் பக்கம் நிற்கிறவர் அதை வாங்கி, கயிற்றைக் கதியாலைச் சுற்றி எடுத்து, மறுபடி கோத்துத் திருப்பி விடுவார். இவர் இழுத்து முடிச்சுப் போடுவார். ஓலை எழும்பிவிட்டால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசி மாத்திரம் போய்வரும். எல்லை வேலி என்றால் அந்தந்த வளவுக்காரர்தான் அந்தந்தப் பக்கம் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே வேலி அடைத்த அன்று இந்தப் பக்கம் தம்பிஐயா நின்றார், அந்தப் பக்கம் இளையதம்பி நின்றான். மாமனும் மருமகனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒழுங்கைக் கரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். வெயில் ஏறியது. பொட்டடிக்கு வந்ததும் தம்பிஐயா நின்றார். வாய்க்கால் ஓரம் வெட்டிக்கொண்டு வந்திருந்த இரண்டு கிளுவைக் கதியாலை அந்த இடத்தில் நட்டார். ஓலையை எடுத்துச் சாத்தினார். குத்தூசியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டுப்பால் செம்போடு தங்கச்சி குனிந்து நுழைந்து வந்த இடம் அது. கை எழும்பவில்லை.

"பிள்ளை, இஞ்சை வா. இதை நீ கட்டு. நான் தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்றார்.

கொழுந்து வந்தாள். ஊசியை வாங்கினாள். தகப்பன் கிணற்றடிப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தாள். பிறகு ஓலையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பூவரசம்பூ ஒன்று அவளுடைய காலடியில் விழுந்தது. அவள் எதையும் யோசிக்காமல் முதல் ஊசியைக் குத்தி விட்டாள். அது போயிற்று. கயிறு சுற்றி இறுகித் திரும்பி வந்தது. அவள் முடிச்சுப் போட்டாள். இடது பக்கத்துக் கதியாலில் கீழ்க்கட்டு, நடுக்கட்டு, மேற்கட்டு எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு முறை ஊசி திரும்பும்போதும் அவனுடைய கைச்சூடு அதிலே இருந்தது. வலது பக்கம்தான் மிச்சம். அதையும் கட்டிவிட்டால் முடிந்தது.

"கொழுந்து" என்றான் இளையதம்பி, ஓலைக்கு அப்பாலிருந்து. "நான் இனிச் சோதினை எழுதேல்லை. எனக்கு அது வராது. அம்மாவின்ரை காணித் துண்டிலை வாழை வைக்கப் போறன். என்னாலை உனக்கு றெயில்வே பாஸ் எல்லாம் எடுத்துத்தர ஏலாது."

இத்தனை வருடமாக ஊறிக்கிடந்த சொல் அவன் வாயால் வந்து அவள் காதில் விழுந்தது. முன்பு அவளுக்கு அது ஓர் ஆனையாக இருந்தது, ஒரு பந்தாக இருந்தது, ஒரு சாவாக இருந்தது. இப்போது அது ஒரு பொடியனின் வெட்கமாக இருந்தது. அவளுக்கு அவன்மேல் பொங்கி வந்ததை அவள் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

"எனக்குக் கொழும்பு வேண்டாம்" என்றாள். "ஆனையிறவை ஒருக்காப் பார்த்தாப் போதும்."

"அதுக்கு மாட்டுவண்டில் காணுமே" என்றான் அவன்.

வலது பக்கத்துக் கீழ்க்கட்டுக்கு ஊசியை வைத்தாள். குத்துவதற்கு முன்னால், குரலை ஒரு இம்மியும் உயர்த்தாமல் சொன்னாள்:

"மச்சான், கதியாலைச் சுத்தாதையுங்கோ."

அவள் குத்தினாள். ஊசி போயிற்று. வெகுநேரம் வரவில்லை. காகம் ஒன்று கத்திவிட்டுப் பறந்தது. பிறகு ஊசி வந்தது. அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். எதையும் பிடிக்காமல், ஓலையை மட்டும் சுற்றிக்கொண்டு, லேசாக வந்தது. அவள் அதற்கு நல்ல இறுக்கமான முடிச்சாகப் போட்டாள். நடுக்கட்டும் அப்படியே. மேற்கட்டும் அப்படியே. முடித்துவிட்டுப் பின்னுக்கு வந்து நின்று பார்த்தாள். தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு வேலி ஒரே சீராக, ஒரு பழுதில்லாமல் நின்றது. ஆனால் அந்த இடத்து ஓலை இடது பக்கத்தில் மாத்திரம் தொங்குகிறது, கதவு மாதிரி, தொட்டால் திறக்கும். வலது கதியாலை லேசாக அசைத்தால் மண்ணிலிருந்து வந்துவிடும், தம்பிஐயா அதை ஆழமாக நடவில்லை.

தம்பிஐயா வந்தார். மீதி வேலியை மத்தியானத்துக்குள் முடித்தார்கள். சரியாக அந்த நேரம் படலையடியில் ஒரு குரல் கேட்டது.

"அண்ணை நிக்கிறியளோ?"

இரத்தினம்மா நின்றாள். தலையில் கடகம், அதற்குள் சோறும் கறியும். வேலி அடைக்கிற நாளில் எல்லை வளவுக்காரி சாப்பாடு கொண்டுவருவது வழக்கம், அதை அவள் விடவில்லை. ஆனால் படலைக்கு வெளியே நின்று, பிறத்தியாள் மாதிரிக் கூப்பிட்டு, உள்ளே வரச் சொல்லும்வரை காத்துக்கொண்டு நின்றாள். கோயில் முடக்கால் சுற்றி, வெயிலுக்குள் நடந்து வந்திருக்கிறாள். புழுதி முழங்கால் வரைக்கும் இருந்தது.

"ஏன் தங்கச்சி உந்த வெயிலுக்குள்ளை சுத்தி வந்தனி?" என்றார் தம்பிஐயா. கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவருக்கு விளங்கியிருக்கும்.

"வேறை வழி இல்லையே அண்ணை" என்றாள் அவள். அழவில்லை. கடகத்தை இறக்கி வைத்தாள்.

தம்பிஐயா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வேலி அடைத்து முடிந்தால் அதன் நீளத்துக்கு நடந்து, கட்டுக்குக் கட்டு கையைப் போட்டு உலுப்பிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் அவர் ஒருநாளும் சோறு தின்றதில்லை. எழுந்து போனார். ஒழுங்கைக் கரையில் தொடங்கினார். கதியாலைப் பிடிப்பார், உலுப்புவார், அடுத்ததற்குப் போவார். கொழுந்து குசினிக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் செய்தது விளையாட்டல்ல, பெற்ற தகப்பனை ஏமாற்றியது. கண்டுபிடித்தால் அவர் ஏசமாட்டார், அதுதான் பயம். பேசாமல் ஊசியை எடுத்துத் தானே கட்டிவிடுவார், அடுத்த கிழமை மீசாலையிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அவர் பொட்டடிக்கு வந்தார். இடது கதியாலை உலுப்பினார். அது அசையவில்லை. வலது கதியாலுக்குக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. கயிறு ஓலையில் இருக்கிறது, கதியாலின் பட்டையில் கயிறு இல்லை. நாற்பது வருடம் வேலி கட்டின கண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் அங்கேயே நின்றார். முதுகுதான் கொழுந்துவுக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பிறகு கையை மெல்ல எடுத்து வேட்டியில் துடைத்தார். ஓரடி தள்ளி, அதற்கடுத்த கதியாலைப் பிடித்து நன்றாக உலுப்பினார். இப்படியே கடைசி வரைக்கும் போய் வந்து, கையைக் கழுவிக்கொண்டு தங்கச்சி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கதிரவேலர் வந்தார். மாப்பிள்ளையின் குறிப்பு போன முறையே கொடுத்தாயிற்றே, சாத்திரியாரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். பொருத்தம் சரிவரவில்லை என்று தம்பிஐயா சொன்னார். எந்தப் பொருத்தம் என்று கதிரவேலர் கேட்டார். ஒன்றும் சரிவரவில்லை என்றார் தம்பிஐயா. அந்தக் குறிப்பு அன்றைக்கும் சாமிப் படத்துக்குப் பின்னால், கதிரவேலர் கொடுத்த மடிப்புக் குலையாமல்தான் இருந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. இளையதம்பி சொன்னபடியே வாழை வைத்தான். குலைகளை மருதனார்மடத்துச் சந்தைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். மூன்று முறை தவறினவன் என்ற பேர் அவனை விட்டுப் போகச் சில வருடம் எடுத்தது. பிறகு அவனுடைய கதலிக் குலைக்கு அந்தப் பேரைவிடப் பெரிய பேர் வந்துவிட்டது. ஊர் அப்படித்தான்.

கலியாணமான அந்த மார்கழியில் அவன் வாக்குத் தவறாமல் அவளை வண்டியில் வைத்து ஆனையிறவுக்குக் கொண்டுபோனான். போய்ச் சேரும்போது விடிந்துகொண்டிருந்தது. ஆனை ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர், சேறு, கொஞ்சம் உப்பு, கொக்குகள். தண்டவாளம் ஒன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது. அதிலே கோச்சி ஒன்று யன்னல்களில் வெளிச்சத்தோடு தெற்கே போயிற்று. கொழுந்து அது போய் மறையும்வரை பார்த்தாள். எல்லாம் போகட்டும், நான் இங்கே நிற்கிறேன் என்று அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. பராசக்தியை நினைத்தாள், அந்த ஒரு கணச் சிரிப்பையும் நினைத்தாள். முதல் தடவையாக அது வலிக்காமல் வந்தது. இளையதம்பி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, ஏமாற்றமா என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். தண்ணீரில் வெயில் ஏறியபோது அவளுக்கு மட்டும் அங்கே நிறையத் தெரிந்தது.

அடுத்த பங்குனியில் மறுபடி வேலி அடைத்தார்கள். இந்தப் பக்கம் தம்பிஐயா, அந்தப் பக்கம் இளையதம்பி. இந்த முறை இருவரும் வாழை விலையைப் பேசிக்கொண்டே கட்டினார்கள். அந்த ஒரு வருடத்தில் பொட்டடி ஓலை தேய்ந்து, நிலத்தில் வில்லாய் ஒரு தடம் விழுந்திருந்தது. அங்கே வந்ததும் இளையதம்பி பேச்சை நிறுத்தினான். தான் தெரிந்துதான் செய்தது என்று மாமனிடம் சொல்லவா விடவா என்று அவனுக்கு விளங்கவில்லை. பழைய ஓலையைக் கழற்றிவிட்டுப் புது ஓலையை மெல்லச் சாத்தினான்.

தம்பிஐயா குத்தூசியில் கயிற்றைக் கோத்தார். கோத்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வா. உந்த இடம் நீ கட்டுறது. போனமுறை மாதிரியே கட்டு."